வலது அக்குளில் ஒரு சாண் துணி

கடல் தாண்டிய நாட்டில் தாய்க் கம்பெனியின் இயக்குநர்கள் வாக்கெடுப்புக்குக் கை தூக்கும்போதெல்லாம், இந்த ஊரில் கிளைக் கம்பெனியின் இயக்குநர்கள் மூவருடைய வலது கைகளும் தாமாகவே மேலே போயின. எண்ணெய்க் கம்பெனியின் பங்குகள் வெளிநாட்டாருக்கு விற்கப்பட்ட வாரத்தில், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டின்போது இது தொடங்கியது. மூவரும் கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் கவளம், ஒருவர் கையில் தண்ணீர் டம்ளர், மற்றவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவளமும் டம்ளரும் கண்ணாடியும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே போய், கொஞ்ச நேரம் நின்று, ஒன்றும் நடக்காததுபோல இறங்கி வந்தன. கம்பெனி டாக்டர் வாயுத் தொல்லை என்றார். எரிவாயு எடுக்கிற இடத்தில் அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது: உற்பத்தியை உயர்த்துவதென்று கிளைக் கம்பெனி தானாகவே, ஒருமனதாக முடிவெடுத்திருப்பது மகிழ்ச்சி அளிக்கிறதாம். எப்போது முடிவெடுத்தோம் என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் அது. இதற்கும் பழகிக்கொண்டது. மேலிடம் கூடுகிற காலை நேரம் இங்கே மதியம் என்பதால், முடிவெட்டும் கடைக்காரர் மதிய வேளையில் இயக்குநர்களின் முகத்தில் கத்தி வைக்க மாட்டார். பேருந்தில் அவர்களுக்குப் பக்கத்தில் தொப்பி போட்டவர்கள் உட்கார மாட்டார்கள். ஓர் இயக்குநர் ஏலக்கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கியபோது கை உயர்ந்துவிட, கதவில்லாத பழைய பீரோ ஒன்று அவர் தலையில் கட்டப்பட்டது. அதைப் பார்த்து அவர் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இயக்குநர்கள் ஓய்வுபெற்று வேறு ஆட்கள் வந்தபோது கையும் நாற்காலியோடு சேர்ந்து வந்தது. ஓய்வுபெற்றவர்களின் கைகள் சாதுவாகத் தோட்ட வேலை செய்தன, புதியவர்களின் கைகள் மேலே போயின.

முதன்முதலில் கை தூக்கப்பட்ட விஷயங்களில் ஒன்று, கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைப் பற்றியது. அதைக் குழாய் போட்டுப் பிடிப்பதைவிடக் கொளுத்திவிடுவது சுலபம் என்று மேலிடம் நினைத்தது. ஊரின் ஓரத்தில் உயரமான ஒரு குழாயின் நுனியில் அந்த வாயு இரவு பகலாக எரிந்தது. ஊரார் அதைப் பெரிய மெழுகுவத்தி என்றார்கள். அது ஏற்றப்பட்டதிலிருந்து ஊருக்கு இருட்டே வரவில்லை. துவைத்த துணி எந்நேரமும் காய்ந்தது. கோழிகள் எப்போது தூங்குவது என்று தெரியாமல் நின்றபடியே கண்ணயர்ந்தன. இருட்டு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தார்கள். வெயிலும் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. வெயில் ஏற ஏறக் கடலும் ஊருக்குள் வந்தது. புது மாப்பிள்ளை மாதிரி முதலில் வாசலோடு நின்றது, பிறகு கூடத்துக்கு வந்தது, கடைசியில் எழுந்து போகிற எண்ணமே இல்லாமல் தங்கிவிட்டது. கரைத் தெருவின் முதல் வரிசை வீடுகளில் மீன்கள் குடியேறின. அந்த வீடுகளுக்கு இன்றும் தபால்காரர் படகில் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

அந்த வரிசையில் பிறந்த பெண்தான் பின்னாளில் கிளைக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஆனாள். ஊரார் அவளை எம்.டி.யம்மா என்றார்கள். பொறியியல் படித்து, கிணற்றுமேட்டில் சகதியில் நின்று வேலை கற்று, ஒவ்வொரு படியாக ஏறி அந்த நாற்காலிக்கு வந்தவள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சிரித்தே நாற்பதைத் தாண்டியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே அவள் ஒரு திட்டம் போட்டாள். மெழுகுவத்தியை அணைக்க வேண்டும், அந்த வாயுவைக் குழாய் வழியாக ஊரின் அடுப்புகளுக்குக் கொண்டுபோக வேண்டும், பழைய கிணறுகளை வருஷத்துக்குக் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர வேண்டும். திட்டம் மேலிடத்துக்குப் போனது. ஒரு மதியம், அதை நிராகரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்க வேண்டும். இங்கே அவளுடைய கை ஜம்மென்று மேலே போயிற்று. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கொடிக்கம்பத்தை இழுப்பதுபோல இருந்தது. அடுத்த வருஷமும் அனுப்பினாள். அடுத்த வருஷமும் அதே கை. தான் பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே அடிப்பதுபோல இருக்கிறது என்று ஒருமுறை மட்டும் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் திட்டம் அனுப்புவதை நிறுத்தவும் இல்லை.

மற்ற இருவரில் ஒருவர் துளைப்பு இயக்குநர். பூமியில் ஓட்டை போடுவதைத் தவிர வேறு எதிலும் சந்தோஷம் காணாத மனிதர். வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட ஊழியர்களை அழைத்து இடம் குறிப்பார். இன்னொருவர் நிதி இயக்குநர். யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பார். அதனால் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். தனிக்கட்டை. அவருடைய கை உயரும்போது மட்டும் அது மேலிடம் தூக்கியதா, அவரே தூக்கியதா என்று கண்டுபிடிக்க முடியாது.

கை திடுதிப்பென்று உயர்ந்ததில் இயக்குநர்களின் கோட்டுகள் எல்லாம் வலது அக்குளில் கிழிந்தன. இதற்கு வழி கண்டுபிடித்தவர் கரைத் தெருவின் தையல்காரர். வலது அக்குளில் மட்டும் ஒரு சாண் துணியைக் கூடுதலாக வைத்து, மடித்து உள்ளே மறைத்துத் தைத்தார். கை உயர்ந்தால் அது விசிறிபோல விரியும், இறங்கினால் மடங்கிக்கொள்ளும். தையல்காரர் மனைவியை இழந்து வெகு காலமானவர். வாய் ஓயாமல் பேசுவார். வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருக்கும்போது மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசுவார். அவருடைய அக்கா அதே கடையில் காஜா எடுத்துப் பொத்தான் தைத்தாள். புருஷனோடு ஒத்துவரவில்லை என்று இளவயதிலேயே விவாகரத்து வாங்கிக்கொண்டு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அவளுடைய ஊசியைவிட நாக்கு கூர் என்பதில் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. காஜா அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கடல் உள்ளே வர வர அந்தக் கடையின் தையல் மெஷினுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். முதலில் ஒரு செங்கல் வைத்தார்கள், பிறகு இரண்டு, இந்தக் கதை நடக்கும்போது நான்கு. தையல்காரர் முழங்கால்வரை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தைத்தார். சின்ன மீன்கள் அவர் பாதத்தைக் கடித்தன. கூச்சத்தில் சிரித்துக்கொண்டே தைத்ததால் அந்தக் காலத்து உடைகளில் தையல் லேசாக அலை அலையாக இருக்கும்.

எம்.டி.யம்மா புதுக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். மேலிடம் உயர்த்தும்போதுதான் கையின் சரியான அளவு கிடைக்கும் என்று தையல்காரர் சொல்லிவிட்டதால், மதியம் வந்து காத்திருந்தாள். அந்த வாரம் மேலிடம் எதையும் தீர்மானிக்கவில்லை. அதனால் மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

"ஏண்டா, அவங்களே கையத் தூக்கிக் காட்டினா ஆகாதா?" என்றாள் காஜா அக்கா.

"அது வேற அளவு, அக்கா."

"ஆமா, வேற அளவுதான். எனக்கும் கண்ணு இருக்கு."

மேலிடம் சோம்பலாக இருந்த அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் பேசாத விஷயமில்லை. பிடித்த பாட்டு, பிடிக்காத சொந்தக்காரர்கள், மீன்கள் குடியிருக்கும் அவள் பிறந்த வீட்டின் சமையலறையில் எந்த ஜன்னல் வழியே காற்று வரும் என்பது, அவர் முதன்முதலாகத் தைத்த சட்டையில் கழுத்துக்கு ஓட்டை வைக்க மறந்தது. வார முடிவில் தையல்காரர் அவள் தோளில் அளவு நாடாவை வைத்தபடி ஏதோ கேட்டார்.

"குண்டூசிய வாயிலேருந்து எடுத்துட்டுச் சொல்லுங்க," என்றாள் அவள்.

எடுத்தார். ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் குத்தினார். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன் மேடம்."

அவள் இடது கையால் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "என் கை என் பேச்சக் கேக்காதுங்க," என்றாள். "வருஷா வருஷம் நான் ஒண்ணு நினைப்பேன், அது வேற ஒண்ணுக்கு எழுந்து நிக்கும். நாளைக்கு இந்தத் தெருவையே காலி பண்ணச் சொன்னாலும் மொத ஆளா எழுந்து நிக்கும். அப்படிப்பட்ட கைய உங்ககிட்ட எப்படிக் குடுக்கறது?"

"இடது கை சும்மாத்தானே இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீரில் நின்றிருந்ததால் அந்தச் சிரிப்பு வட்ட வட்டமாகப் பரவி, வாசலைத் தாண்டி, எதிர்க் கடைப் படிக்கட்டில் போய் மோதியது. "மொதல்ல அந்த மெழுகுவத்தி அணையட்டும். இந்தக் கை எனக்குத் திரும்பி வரட்டும். அப்புறம் கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவைக் காலி செய்வது பற்றி அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. விரிகுடாவுக்கு அடியில் புதிதாகக் கிணறுகள் தோண்டுவது என்றும், கரைத் தெருவை இடித்து அங்கே குழாய்களும் இறங்குதுறையும் அமைப்பது என்றும் மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. புகையைக் குறைக்கப் போகிறோம், உற்பத்தியையும் படிப்படியாகக் குறைப்போம் என்று தாய்க் கம்பெனி தன் நாட்டில் பச்சை மையில் அறிக்கை அச்சடித்திருந்தது. அப்படியானால் விரிகுடாவில் ஏன் தோண்டுகிறீர்கள் என்று அங்கே கேட்டவர்களிடம், அது கிளைக் கம்பெனியின் சொந்த முடிவு, நாங்கள் தலையிடுவதில்லை என்றார்கள். இங்கே கேட்டவர்களிடம், மேலிடத்தின் கொள்கைப்படிதான் எல்லாம் என்றார்கள். இரண்டு வாசலிலும் பூட்டிய வீட்டை எப்படித் திறப்பது என்று தெரியாமல் அரசாங்கத்தின் பருவநிலை ஆணையம் ஒரு விசாரணை வைத்தது.

விசாரணை அதிகாரி முன்பு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். எதற்கும் பதறாதவர். தாய்க் கம்பெனியின் வக்கீல் நல்ல குரலில் ஒரு மணி நேரம் பேசினார். கிளைக் கம்பெனி முழுச் சுதந்திரம் உடையது, அதன் இயக்குநர்கள் தம் மனசாட்சிப்படி தாமே முடிவெடுக்கிறார்கள், மேலிடம் பொதுவான வழிகாட்டுதலோடு நிறுத்திக்கொள்கிறது என்றார். அவர் "சுதந்திரம்" என்று இரண்டாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் மூன்று கைகள் விறைப்பாக உயர்ந்தன.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. என்ன, பாத்ரூம் போகணுமா?"

"இல்லைங்க," என்றாள் எம்.டி.யம்மா. "நாங்க இப்ப ஏதோ முடிவெடுத்துக்கிட்டிருக்கோம். என்னன்னு இனிமேதான் தெரியும்."

கூடத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதிகாரி சிரிக்கவில்லை. விரிகுடாத் திட்டத்துக்கான வாக்கெடுப்பு தன் முன்னிலையில், இதே ஊரில், மேலிடத்துக் கூட்டத்தையும் திரையில் காட்டியபடி நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். முடிவு யாருடையது என்பதை அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன், பதில் சொல்கிறவர்கள் தம் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார். வக்கீல் தாராளமாக ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் தையல்காரர் அந்தக் கோட்டைத் தைத்து முடித்திருந்தார். அவள் சிரித்துவிட்டுப் போன மாலையிலேயே உட்கார்ந்து தைத்தது. அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்ததால், வலது கையை அக்குளிலிருந்து முழங்கைவரை கோட்டின் உடம்போடு சேர்த்து, இரட்டைத் தையலாகப் போட்டுத் தைத்துவிட்டார். அக்காவும் பார்க்கவில்லை. காஜா சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தனுப்பினாள். எம்.டி.யம்மா ஒரு கூட்டத்துக்கு அவசரமாகக் கிளம்பும்போது அதை மாட்டினாள். கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. இதுதான் இப்போதைய மோஸ்தர்போல என்று நினைத்துக்கொண்டாள். காதலில் இருக்கும் பெண்கள் தையல்காரரைச் சந்தேகிப்பதில்லை.

அன்றைய கூட்டம் வழக்கமான ஒன்று. உற்பத்தியை இன்னும் கொஞ்சம் உயர்த்துவது பற்றியது. திரையில் மேலிடத் தலைவர் தேநீர்க் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரவர் கைக்கு அக்கரையில் ஒரு ஜோடிக் கை உண்டு. எம்.டி.யம்மாவின் கைக்கு ஜோடி தலைவருடைய கை. அவரும் அவருடைய சக இயக்குநர்கள் இருவரும் கையைத் தூக்கத் தொடங்கினார்கள். இங்கே துளைப்பு இயக்குநரின் கை எழுந்தது, ஆமாஞ்சாமியின் கை எழுந்தது. எம்.டி.யம்மாவின் கை எழப் பார்த்தது. கோட்டுத் தையல் விடவில்லை. தப்பாகத் தைத்தாலும் அவர் உறுதியாகத் தைப்பவர். நூல் முறுக்கேறி வீணைக் கம்பிபோல ரீங்கரித்தது. அப்போது திரையில் தலைவருடைய கை பாதி வழியில் நின்றது, நடுங்கியது, பிறகு மேலிருந்து யாரோ தள்ளியதுபோலத் தேநீர்க் கோப்பைக்குள் போய் விழுந்தது. மறுபடி தூக்கப் பார்த்தார். முகம் சிவந்ததே தவிர கை வரவில்லை. மூவரும் தூக்கினால்தான் தீர்மானம் என்பது தாய்க் கம்பெனியின் பழைய விதி. பங்குகள் விற்ற நாளிலிருந்து முதன்முறையாக ஒரு தீர்மானம் தோற்றது.

அவள் கோட்டைக் கழற்றாமலே கரைத் தெருவுக்கு நடந்தாள். அவளைப் பார்த்ததும் காஜா அக்காவுக்கு விஷயம் புரிந்து, தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "அட அறிவு கெட்டவனே, கையத் தெச்சு வச்சிருக்கியேடா! கல்யாணம் கேட்ட பொண்ணுக்கு இப்படியா தெப்பே?"

"குடுங்க மேடம், ரெண்டு நிமிஷத்துல பிரிச்சுத் தரேன்," என்று கத்தரிக்கோலோடு எழுந்தார் தையல்காரர்.

"பிரிக்காதீங்க!" என்று அவள் கத்தியதில் மீன்கள் நாலாபக்கமும் ஓடின. மூச்சு வாங்கச் சொன்னாள். இதுவரை கயிற்றின் ஒரு முனையைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். இந்த முனையிலும் இழுக்கலாம். இங்கே கை எழாவிட்டால் அங்கேயும் எழாது.

மேலிடத்திலும் அது புரிந்துவிட்டது. விரிகுடா வாக்கெடுப்புக்கு முன்பாக அங்கிருந்து இரண்டு தகவல்கள் வந்தன. ஒன்று, இனி மூவரில் இருவர் கை தூக்கினாலே போதும். இரண்டு, இயக்குநர்கள் கோட்டு அணியாமல் அரைக்கைச் சட்டையோடு வர வேண்டும். இது உடை பற்றிய பொதுவான வழிகாட்டுதல் மட்டுமே, எதை உடுத்துவது என்பது கிளைக் கம்பெனியின் சொந்த முடிவு என்றும் சேர்த்திருந்தார்கள். அரைக்கைச் சட்டையில் எதை எங்கே சேர்த்துத் தைப்பது? தையல்காரர் மெஷினின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"நூலு இல்லேன்னா என்ன, மனுஷங்க கை இருக்குல்ல?" என்றாள் காஜா அக்கா. "நீ அந்தம்மா கையப் பிடிச்சுக்கோ. அதுக்காகத்தானே இத்தனை நாளா அளவெடுத்தே?"

ஒரு கைக்கு ஆள் கிடைத்துவிட்டது. இன்னொரு கை வேண்டும். விரிகுடா என்ற சொல்லைக் கேட்டாலே துளைப்பு இயக்குநரின் கண் பளபளத்தது, அவரிடம் பேசிப் பயனில்லை. மீதி இருந்தது ஆமாஞ்சாமி. மேலிடத்துக்கு இதுவரை ஒரு தடவையும் மறுப்புச் சொல்லாத மனிதர் எப்படிச் சம்மதிப்பார் என்று எம்.டி.யம்மா கவலைப்பட்டாள். காஜா அக்கா கவலைப்படவில்லை. சட்டை வாங்க அவர் கடைக்கு வந்தபோது, பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபடி நேராகக் கேட்டாள்.

"ஏங்க, வாக்கெடுப்பு அன்னிக்கு உங்க கைய நான் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?"

"ஆமாங்க," என்றார் ஆமாஞ்சாமி. சொன்ன பிறகுதான் என்ன கேட்டாள் என்பது அவர் மண்டையில் ஏறியது. காது மடல் சிவந்தது. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒருவரும் அவரிடம் எதையும் கேட்டதே இல்லை. எல்லாம் மேலிடம்தான் கேட்டது.

வாக்கெடுப்பு நாளில் கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். கணுக்கால் அளவு கடலும் உள்ளே வந்து நின்றது. அதிகாரி காலணியைக் கழற்றி மேசை மேல் வைத்துக்கொண்டார். எம்.டி.யம்மாவின் வலது கையைத் தையல்காரர் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அடுத்த நாற்காலியில் ஆமாஞ்சாமியின் கையைக் காஜா அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். துளைப்பு இயக்குநர் யாரும் தொட முடியாத தூரத்துக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டிருந்தார். கையைப் பிடிப்பதற்கு வக்கீல் ஆட்சேபம் சொன்னார். கை அவர்களுடையதுதானே, அவர்கள் இஷ்டப்பட்டவர்களிடம் கொடுக்கட்டும் என்றார் அதிகாரி.

திரையில் மூன்று கைகள் எழத் தொடங்கின. இங்கே எம்.டி.யம்மாவின் கை மேலே கிளம்பியது. தையல்காரர் விடவில்லை. கையோடு அவரும் கிளம்பினார். பாதங்கள் தண்ணீரைவிட்டு ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டன. "விட்டுடாதீங்க!" என்றாள் அவள். "செத்தாலும் விட மாட்டேன்," என்றார் அவர். அதற்கு அவள், "சாக வேணாம், கொஞ்சம் வெயிட் போட்டா போதும்," என்றாள். அவர் நல்ல நினைவுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து நினைத்தார். அவற்றின் கனத்தில் மெல்லக் கீழே இறங்கினார்.

ஆமாஞ்சாமியின் நெற்றியில் வேர்வை ஓடியது. கை அவள் மடியைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. "எனக்குப் பழகிடுச்சுங்க... விட்டுடலாமா?" என்று கெஞ்சினார்.

"கேட்டா இல்லேன்னுதான் சொல்வேன்," என்றாள் காஜா அக்கா. "நான் உங்கள மாதிரி இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். அதுவரை விறைத்து நீட்டிக்கொண்டிருந்த அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் கையைப் பற்றிக்கொண்டன. அந்தப் பிடியை மேலிடம் எதிர்பார்க்கவில்லை. திரையில் இரண்டு கைகள் தடால் தடாலென்று மேசையில் விழுந்தன. மூன்றாவது கை மட்டும் நின்றது. இங்கே துளைப்பு இயக்குநர், கூட்டத்தில் தனியாகக் கை தூக்கிய மனிதருக்கு வரும் வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தார். விரிகுடாத் திட்டம் தோற்றுப்போனதாக அதிகாரி அறிவித்தார். வாசல்வரை ஆரவாரம் எழுந்தது.

கூட்டம் முடியும்போது வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று கேட்பது முறை. அதிகாரி கேட்டார். எம்.டி.யம்மா எழுந்து தன் பழைய திட்டத்தைச் சொன்னாள். அணைக்க வேண்டிய மெழுகுவத்தி, அடுப்புகளுக்குப் போக வேண்டிய வாயு, மூட வேண்டிய கிணறுகள். சொல்லி முடித்துவிட்டுத் தையல்காரரிடமிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தானாகவே, தன் இஷ்டத்துக்கு உயர்த்தினாள். ரொம்ப நாள் பூட்டிய கதவைத் திறந்ததுபோலத் தோளில் ஒரு சத்தம் கேட்டது. திரையில் மேலிடத் தலைவருடைய கை கிணற்று வாளிபோல மேலே வந்தது. "நீங்க?" என்றாள் காஜா அக்கா. "ஆமாங்க," என்று ஆமாஞ்சாமி கை தூக்கினார். அக்கரையில் இரண்டாவது கை எழுந்தது. துளைப்பு இயக்குநர் தாடையைச் சொறிந்தார். "கிணத்த மூடறதுக்கும் துளைக்கணும்ல?" என்று கேட்டார். "நிறையத் துளைக்கணும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே," என்றாள் எம்.டி.யம்மா. அவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். அக்கரையில் மூன்றாவது கையும் எழுந்தது.

அதிகாரி வக்கீலின் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க. இது யாருடைய முடிவு?"

வக்கீல் திரையைப் பார்த்தார். அங்கே தலைவர் தூக்கிய கையை இறக்க முடியாமல், இடது கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலிடத்துடைய முடிவு என்று சொன்னால் இதுவரை எடுத்த முடிவுகள் எல்லாம் மேலிடத்தின் தலையில் வந்து விழும். முழுச் சுதந்திரம் பற்றி ஒரு மணி நேரம் பேசிய பேச்சும் அதே கூடத்தில்தான் இருந்தது. "கிளைக் கம்பெனியின் சொந்த முடிவுதான்," என்றார். "நிச்சயமாகத்தானே?" என்றார் அதிகாரி. "ஆமாங்க," என்றார் வக்கீல், ஆமாஞ்சாமியின் குரலிலேயே.

மெழுகுவத்தி அணைந்தபோது ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. இருட்டு முதலில் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு வீட்டு ஆள்போல எல்லா அறைகளிலும் நடமாடியது. வானத்தில் பொத்தல் பொத்தலாக இருக்கிறது என்று சிலர் போலீஸுக்குத் தகவல் சொன்னார்கள். நட்சத்திரம்தான், பயப்பட வேண்டாம் என்று போலீஸார் வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். கோழிகள் ஒரு வாரம் சேர்ந்தாற்போலத் தூங்கின. அடுப்புகள் நீலமாக எரிந்தன. கிணறுகள் வருஷத்துக்குக் கொஞ்சமாக மூடப்பட்டன. துளைப்பு இயக்குநர் அவற்றை மூடுவதற்கும், பிறகு காற்றாலைகளுக்கு அஸ்திவாரம் போடுவதற்கும் மனம் குளிரத் துளைத்தார். கடல் பின்வாங்கவில்லை. ஆனால் நான்காவது செங்கல்லோடு நின்றுகொண்டது. மேலிடத்தார் நாற்காலிகளை மாற்றிப் பார்த்தார்கள், ஆட்களையும் மாற்றப் பார்த்தார்கள். ஆனால் கயிற்றை இழுக்கிற முனை மாறிவிட்டிருந்தது. எதைச் செய்யவும் யாராவது கை தூக்க வேண்டியிருந்தது, அதற்கு இங்கே கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர்களும் பழகிக்கொண்டார்கள். வருஷம்தோறும் கிளைக் கம்பெனியின் சுதந்திரமான முடிவுகளைப் பாராட்டித் தகவல் அனுப்புகிறார்கள்.

தையல்காரர் மறுபடி கேட்டார், இந்த முறை வாயில் குண்டூசி இல்லாமல். பதிவு அலுவலகத்தில் சம்மதமா என்று கேட்டபோது, வாயால் சொன்னால் போதாது என்று எம்.டி.யம்மா வலது கையையும் உயர்த்தினாள். மேலிடத் தலைவர் அந்த நேரம் தன் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பிரஷ் கூரையைத் தொட்டது. அன்று சாட்சிக் கையெழுத்துப் போட வந்த காஜா அக்காவும் ஆமாஞ்சாமியும், அடுத்த வாரம் அதே அலுவலகத்துக்குச் சாட்சிகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். யார் யாரைக் கேட்டது என்பதில் அவர்களுக்குள் இன்றும் தகராறு உண்டு. கேட்டது நீங்கள்தான் என்று அக்கா சொன்னால் ஆமாங்க என்கிறார். நானா கேட்டேன் என்று அக்கா முறைத்தாலும் ஆமாங்க என்கிறார்.

எம்.டி.யம்மா தினமும் மாலை பேருந்தில் கரைத் தெருமுனையைத் தாண்டும்போது, கடையில் தண்ணீருக்குள் நின்று தைத்துக்கொண்டிருக்கும் கணவருக்கு ஜன்னல் வழியாகக் கையசைக்கிறாள். அங்கே அது நண்பகல். மேலிடத் தலைவர் சாப்பாட்டுக்காக அலுவலகத்திலிருந்து இறங்கித் தெருவில் நடக்கிற நேரம். அவருடைய கை எழுந்து எதிரே வருகிறவர்களுக்கு உற்சாகமாக அசைகிறது. ஆரம்பத்தில் ஜனங்கள் திகைத்தார்கள், பிறகு அவர்களும் கையசைத்தார்கள். அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனிதருக்கு இப்போது பழக்கடைக்காரர் தெரியும், பூங்காவில் நாயோடு வருகிற பெரியவர் தெரியும், குறுக்குத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் தெரியும். ரொம்பத் தோழமையானவர் என்று அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்திருக்கிறார். அந்த நகரத்துத் தையல்காரர்கள் அவருடைய கோட்டுகளில் வலது அக்குளில் ஒரு சாண் துணி கூடுதலாக வைக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், பெரிய கம்பெனித் தலைவர்களுக்கு அப்படித்தான் தைப்பது என்கிறார்கள்.